அனிமார்ஃப்ஸ்: விலங்குருவில் பிள்ளைகள் நடத்திய போர்

சிறுவன் ஒருவன் படிப்படியாகப் பல்லியாக மாறுவதைக் காட்டும் அட்டை. பக்கங்களின் மூலையை விரலால் வேகமாகப் புரட்டினால் அதே உருமாற்றம் அசையும் படமாக ஓடும் வேடிக்கை. இருநூறு பக்கங்களைத் தாண்டாத உருவம். 1996 ஜூனில் அமெரிக்காவின் ஸ்கலாஸ்டிக் பதிப்பகம் வெளியிடத் தொடங்கிய ‘அனிமார்ஃப்ஸ்’ தொடரின் முதல் நூலைக் கையில் எடுக்கும் பெரியவர்கள், இது பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி இரண்டு நாளில் மறந்துவிடும் சரக்கு என்று அதைத் திருப்பி வைத்துவிடவே வாய்ப்பு அதிகம். கே. ஏ. ஆப்பிள்கேட் என்ற பெயரில் காதரின் ஆப்பிள்கேட்டும் அவருடைய கணவர் மைக்கேல் கிராண்ட்டும் உருவாக்கிய இத்தொடர், 2001 மே மாதத்தில் 54ஆம் நூலோடு முடிந்தபோது, தொடக்கத்தில் கடைவீதியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இறந்துபோயிருந்தாள். ஒருவன் படுகொலைக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தான். இளையோருக்கான வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதைகளில், படையெடுப்பை எதிர்த்து நிற்பதற்கு எதிர்த்தவர்கள் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை இவ்வளவு பொறுமையாக, நூல் நூலாகக் கணக்கெழுதிய தொடர் வேறொன்று என் வாசிப்பில் இல்லை. அந்தக் கணக்கை முழுமையாகப் படிக்கச் சில மோசமான நூல்களையும் கடந்தாக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கதையின் தொடக்கம் எளிமையானது. ஜேக், அவனுக்குத் தந்தைவழி உறவில் சகோதரி முறையான ரேச்சல், நண்பன் மார்கோ, விலங்கு மருத்துவர்களின் மகள் காஸி, யாருக்கும் வேண்டாத பிள்ளையாக உறவினர் வீடுகளுக்கிடையே பந்தாடப்படும் டோபையஸ் ஆகிய ஐவரும், பாதியில் கைவிடப்பட்ட ஒரு கட்டுமான நிலத்தின் வழியே இரவில் நடந்து வருகையில், சிதைந்த விண்கலம் ஒன்று அவர்கள் எதிரில் இறங்குகிறது. அதிலிருந்து வெளிப்படும் எல்ஃபாங்கோர் என்னும் அன்டலைட் இனத்து வீரன், தான் சாகும் தறுவாயில், தொட்ட விலங்கின் உருவை எடுக்கும் ஆற்றலை அவர்களுக்குக் கொடுக்கிறான். கொடுத்த சற்று நேரத்தில் எதிரிப் படைத்தலைவன் விஸ்ஸர் த்ரீ அவனை உயிரோடு விழுங்குவதைப் பிள்ளைகள் மறைந்திருந்து பார்க்கிறார்கள். பின்னர், எல்ஃபாங்கோரின் தம்பி ஆக்ஸ் கடலடியிலிருந்து மீட்கப்பட்டு ஆறாவது ஆளாகச் சேருகிறான். கதை சொல்லும் பொறுப்பு நூலுக்கு நூல் இவர்களிடையே கைமாறுகிறது.

இத்தொடரின் படையெடுப்பு வானத்தை மறைக்கும் கப்பல்களோடு வருவதில்லை. யீர்க் என்னும் எதிரி, ஓடில்லா நத்தையைப் போன்ற, பார்வையற்ற சிறிய உயிர். காது வழியே புகுந்து மூளையின் மடிப்புகளில் படிந்து, அந்த உடலின் முழு ஆட்சியையும் எடுத்துக்கொள்ளும் ஒட்டுண்ணி. ஓம்புயிராகிவிட்ட மனிதன் சாவதில்லை. அவன் தன் தலைக்குள்ளேயே விழித்திருந்து, தன் வாய் பேசுவதையும் தன் கை தன் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பான்; அவனுடைய நினைவுகள் அனைத்தும் யீர்க்குக்குத் திறந்து கிடப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் சாப்மன் அப்படிப்பட்டவர். ஜேக்கின் அண்ணன் டாம் அப்படிப்பட்டவன். இளைஞர் நல அமைப்பு போன்ற தோற்றத்தில் ‘தி ஷேரிங்’ என்னும் சங்கம் ஒன்று ஊரில் இயங்கி, சுற்றுலாவும் விருந்துமாக ஆட்களைச் சேர்த்து, அவர்களில் தனிமையில் தவிப்பவர்கள் தாமாகவே தலையைக் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. இந்த ஏற்பாட்டின் நுட்பம் பாராட்டத்தக்கது: ஒவ்வொரு யீர்க்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை நிலத்தடியிலுள்ள குளத்துக்குத் திரும்பி, கான்ட்ரோனா என்னும் கதிர்களை உணவாகப் பெற்றாக வேண்டும், அந்த நேரத்தில் மட்டும் ஓம்புயிர்கள் கூண்டுகளில் தம் உடலைத் திரும்பப் பெற்று, அழுது, கத்தி, மறுபடி இழுத்துச் செல்லப்படுவார்கள். முதல் நூலில் பிள்ளைகள் அந்தக் குளத்தை முதன்முறையாகப் பார்க்கும் இயல்கள், பத்து வயதுக்காரருக்கான நூலில் எதிர்பார்க்கக்கூடிய எல்லையைத் தாண்டிச் செல்கின்றன.

இந்த விதியை வைத்து எழுதப்பட்ட ஆறாம் நூல், தொடரின் தொடக்கப் பகுதியில் ஆகச் சிறந்தது என்பேன். அதில் ஜேக்கின் தலைக்குள்ளேயே ஒரு யீர்க் புகுந்துவிடுகிறது. நண்பர்கள் அதைக் கண்டுகொண்டு, அவனைக் காட்டுக்குள் ஒரு குடிசையில் கட்டிவைத்து, மூன்று நாள் முடிந்து அந்த யீர்க் பட்டினியால் சாகும்வரை காவல் இருக்கிறார்கள். நூல் முழுவதையும் சொல்பவன் ஜேக். எனவே, தன் நண்பர்களை ஏமாற்றத் தன் குரலே பயன்படுவதை அவன் உள்ளிருந்து கேட்கிறான். அண்ணன் இத்தனை காலமாக எங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்பது அவனுக்கும் நமக்கும் அப்போதுதான் உறைக்கிறது. யீர்க் சாகும் பகுதியில் எழுத்தாளர் வெற்றிக் களிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த உயிரின் கடைசி நினைவுகள் ஜேக்கின் நினைவுகளோடு கலந்து ஓடுகின்றன.

உருமாறும் ஆற்றலுக்கும் இதே கண்டிப்பான விதிகள் உண்டு. விலங்கைத் தொட்டு அதன் மரபணுவைப் பெற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், தவறினால் அவ்வுருவிலேயே வாழ்நாள் கழியும். மாறும்போது வலி இருக்காது. ஆனால் எலும்பு நொறுங்கும் ஓசை கேட்கும், முழங்கால் பின்பக்கமாக மடியும், முகத்திலிருந்து உணர்கொம்பு வெடித்து நீளும், எந்த உறுப்பு எப்போது மாறும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது. ஆப்பிள்கேட் இவ்வருவருப்பை மகிழ்ச்சியோடு எழுதுகிறார். வளரிளம் பருவத்தில் தன் உடலைத் தானே அந்நியமாகப் பார்க்கும் வாசகர்களுக்கு இது ஏன் பிடித்துப்போனது என்பதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு விலங்குக்கும் அதற்கே உரிய மனம் உண்டு என்பது இன்னும் நுட்பமான கற்பனை. நாயின் துள்ளல், டால்ஃபினின் விளையாட்டு, பருந்தின் கூர்மை ஆகியவை பிள்ளைகளின் மனத்தோடு சேர்ந்து இயங்குகின்றன. ஐந்தாம் நூலில் எறும்புகளாக மாறும் காட்சி இதன் உச்சம்: எறும்பின் மனத்தில் ‘நான்’ என்பதே இல்லாததால் அவர்கள் தம்மை இழந்துபோகிறார்கள், அந்த நிலையில் வேறொரு புற்றின் எறும்புகள் அவர்களைத் துண்டாடத் தொடங்குகின்றன.

தன்னுருவுக்குத் திரும்பும்போது உடல் மரபணுவிலிருந்து புதிதாகக் கட்டப்படுவதால், காயம் அனைத்தும் ஆறிவிடும் என்பதும் விதி. முதலில் இது கதாசிரியர் தமக்கு வைத்துக்கொண்ட வசதியான குறுக்குவழி போலத் தோன்றும். தொடர் வளர வளர அதன் வேறு பயன் தெரிகிறது. புலியாகப் போரிடும் ஜேக்கின் கால் துண்டாகிறது, கரடியாகப் போரிடும் ரேச்சல் தன் துண்டான கையையே எடுத்து எதிரியை அடிக்கிறாள். மறுநாள் காலை இருவரும் வடு எதுவும் இல்லாமல் பள்ளிக்குச் செல்கிறார்கள். பெற்றோருக்குச் சொல்ல முடியாது, ஏனெனில் பெற்றோரும் ஓம்புயிராக இருக்கலாம். உடலில் எதுவும் தங்காததால் எல்லாம் மனத்தில் மட்டுமே தங்குகிறது. கெட்ட கனவுகள், காரணமில்லாத சினம், போர் இல்லாத நாளில் ரேச்சலுக்கு ஏற்படும் வெறுமை ஆகியவற்றை நோயின் பெயர் எதையும் சொல்லாமல், நூலுக்கு ஒரு பத்தி வீதம் ஆப்பிள்கேட் சேர்த்துக்கொண்டே போகிறார்.

டோபையஸ் முதல் நூலின் முடிவிலேயே இரண்டு மணி நேர எல்லையைத் தவறவிட்டு, செவ்வால் பருந்தாகச் சிக்கிக்கொள்கிறான். அவன் சொல்லும் நூல்களில்தான் இத்தொடரின் உரைநடை தன் சிறப்பை எட்டுகிறது. மூன்றாம் நூலில் அவன் முதன்முதலில் எலி ஒன்றைக் கொன்று தின்றபின் தன்னை வெறுத்து ஓடுவதும், 13ஆம் நூலில் உருமாறும் ஆற்றலைத் திரும்பப் பெற்றபின், மனிதனாகவே தங்கிவிடும் வழி திறந்திருந்தும் பருந்தாக வாழ்வதைத் தொடர்வதும் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாத தேர்வுகள். அவன் பருந்தாகச் சிக்கியது உண்மையிலேயே விபத்துதானா, அன்பில்லாத வீட்டுக்குத் திரும்ப விரும்பாத பிள்ளையின் முடிவா என்ற ஐயத்தைத் தொடர் எங்கும் முழுதாகத் தீர்ப்பதில்லை.

எதிரியைப் பற்றிய பார்வையில் இத்தொடர் காட்டும் துணிவு தனியே பேசத்தக்கது. 19ஆம் நூலில், கொல்வதில் சலித்துப் படையை விட்டு விலகும் காஸி, கேரன் என்னும் சிறுமியோடு காட்டில் வழிதவறுகிறாள். அச்சிறுமியின் தலைக்குள் இருப்பவள் ஆஃப்ட்ரன் என்னும் யீர்க். கண்ணும் கையும் இன்றிச் சேற்றுக் குளத்தில் கிடப்பதே எங்கள் இயல்பு வாழ்வு, ஓம்புயிர் கிடைக்கும் நாளில்தான் நாங்கள் முதன்முதலில் நிறங்களைப் பார்க்கிறோம், மற்ற உயிர்களைத் தின்று வாழும் நீங்கள் எங்களை எந்த உரிமையில் பழிக்கிறீர்கள் என்பது அவளுடைய வாதத்தின் சாரம். காஸியிடம் அதற்கு முழுமையான விடை இல்லை. நூலும் அவளுக்கு ஒன்றைக் கற்பித்துக் கொடுத்துவிடவில்லை. ஆஃப்ட்ரன் கேரனை விடுவிப்பதற்கு ஈடாகத் தானும் கம்பளிப்புழுவாகச் சிக்கிக்கொள்ளக் காஸி முன்வருகிறாள். இதிலிருந்து அவள் மீளும் வழி மட்டும் சற்று இட்டுக்கட்டியதாக இருக்கிறது, அதை மன்னித்துவிடலாம்.

நட்பு இனமான அன்டலைட்டுகளும் தப்புவதில்லை. ‘தி ஹார்க்-பஜிர் க்ரானிக்கிள்ஸ்’ என்னும் துணைநூல், மரப்பட்டை தின்று அமைதியாக வாழ்ந்த, உடலெங்கும் கத்தி முளைத்த ஓர் இனம் எப்படி யீர்க்குகளின் அடியாள் படையானது என்பதைச் சொல்கிறது. அவர்கள் எதிரிக்குப் பயன்படக்கூடாது என்பதற்காக அன்டலைட் தளபதி அல்லோரன் அந்த இனத்தையே அழிக்கும் நுண்கிருமியை உருவாக்கிப் பரவவிட்டதையும் அதிலேயே படிக்கிறோம். அதே அல்லோரனின் உடல்தான் பின்னாளில் விஸ்ஸர் த்ரீயின் ஓம்புயிராகிறது. மீட்பர்கள் வருவார்கள் என்று பிள்ளைகள் காத்திருக்கும் ஒவ்வொரு நூலிலும் இதை அறிந்த வாசகர் வேறு மனநிலையில் இருப்பார் என்பதால், இத்துணைநூலை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.

20 முதல் 22 வரையிலான மூன்று நூல்கள் ஒரே கதை. டேவிட் என்னும் புதுப் பையனிடம் ஆற்றலைக் கொடுக்கும் நீலப் பெட்டி சிக்குகிறது; அவனுடைய பெற்றோரை யீர்க்குகள் பிடித்துக்கொண்டதும், வேறு வழியின்றிப் பிள்ளைகள் அவனைத் தம் படையில் சேர்க்கிறார்கள். அவன் இவர்களைக் காட்டிக்கொடுக்கவும் கொல்லவும் துணியும்போது, அவனைக் கொல்ல மனமின்றி, எலி உருவில் இரண்டு மணி நேரம் அடைத்துவைத்து, கடலில் ஒரு பாறைத் தீவில் விட்டுவிடுகிறார்கள். கொல்லாமல் விட்டது கருணையா என்று கேட்கும் நிலைக்கு வாசகரைக் கொண்டுவந்தபின், அந்த இரண்டு மணி நேரமும் ரேச்சல் அங்கே இருந்து அவனுடைய கெஞ்சலைக் கேட்டதைத்தான் நூல் நமக்குச் சொல்கிறது. இத்தனைக்கும் இது ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அலமாரியில் இருந்த நூல்.

இனிக் குறைகள். அவை சில்லறைக் குறைகள் அல்ல. மாதத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் நூல்கள் வெளிவந்ததன் தழும்பு எல்லா இடத்திலும் தெரிகிறது. புதிதாக வருபவருக்காக யீர்க் என்றால் என்ன, இரண்டு மணி நேர விதி என்ன, அன்டலைட்டுக்கு வாய் கிடையாது என்பதையெல்லாம் ஒவ்வொரு நூலும் முதலிரண்டு இயல்களில் ஒப்பிக்கிறது; அடுத்தடுத்துப் படிப்பவருக்கு இது தாங்க முடியாத சலிப்பு. 25ஆம் நூலிலிருந்து பெரும்பாலானவற்றை, ஆப்பிள்கேட்டின் திட்டக் குறிப்புகளைக் கொண்டு வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். முன்பக்க நன்றிக் குறிப்பில்தான் அவர்களுடைய பெயர் இருக்கும். அவர்களில் சிலர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்: டோபையஸ் சித்திரவதைக்கு ஆளாகும் 33ஆம் நூல் அதற்குச் சான்று. ஆனால் காட்டெருமை ஒன்றுக்கு உருமாறும் ஆற்றல் கிடைத்துவிடும் 39ஆம் நூலையும், மிகச் சிறிய வேற்றுக்கிரகவாசிகள் மார்கோவின் உடலுக்குள் புகும் 42ஆம் நூலையும், காஸி ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேரும் 44ஆம் நூலையும் படிக்காமல் விட்டால் எதையும் இழக்க மாட்டீர்கள். ஒவ்வொரு தோல்விக்கும் தன் ஆட்களின் தலையையே சீவிக்கொண்டிருக்கும் விஸ்ஸர் த்ரீயின் கீழ் ஒரு படை எப்படிக் கலையாமல் இருக்கிறது என்ற கேள்விக்கும் பல நூல்கள்வரை விடை இல்லை. ஓட்ஸ் கஞ்சியின் ஒரு குறிப்பிட்ட சுவைக்கு யீர்க்குகள் அடிமையாவதை மையமாகக் கொண்ட 17ஆம் நூல் எப்படி அச்சேறியது என்று நான் வியந்ததுண்டு. ஆனாலும், அந்தப் போதைக்கு ஆளான யீர்க்குகளின் ஓம்புயிர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வியை அதற்குள்ளும் நுழைத்துவிட்டார்கள் என்பதால் கோபம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நகைச்சுவையைப் பற்றி ஒரு சொல். மார்கோவின் வாய்த்துடுக்கு அவ்வப்போது வலிந்து வரும். மாறாக, வாயே இல்லாத இனத்தைச் சேர்ந்த ஆக்ஸ் மனித உரு எடுத்ததும் சுவை என்னும் புலனில் தலைகுப்புற விழுவதும், இலவங்கப்பட்டை ரொட்டிக்காக எதையும் செய்யத் துணிவதும் எத்தனை முறை வந்தாலும் சிரிக்க வைக்கின்றன.

45ஆம் நூலிலிருந்து தொடர் நிமிர்ந்து உட்காருகிறது. மறைவுப் போர் முடிந்து வெளிப்படைப் போர் தொடங்குகிறது; பிள்ளைகளின் குடும்பங்கள் காட்டுக்குள் தஞ்சம் புகுகின்றன. மாற்றுத்திறனாளிகளின் உடலை யீர்க்குகள் விரும்புவதில்லை என்பதால், 50ஆம் நூலில் ஜேக்கும் மற்றவர்களும் மருத்துவமனையிலுள்ள அத்தகைய பிள்ளைகளைத் துணைப்படையாகச் சேர்க்கிறார்கள். இறுதிப் போரில் எதிரியின் கவனத்தைத் திருப்பும் தூண்டிலாக ஜேக் அவர்களைப் பயன்படுத்துகிறான்; அவர்கள் மடிகிறார்கள். தன் அண்ணன் டாமைக் கொல்ல ரேச்சலை அனுப்புகிறான், அவள் திரும்ப மாட்டாள் என்பதை அறிந்தே. எதிரிக் கப்பலின் குளத்தில் ஓம்புயிர் இன்றி, எதிர்க்கும் வலிமையின்றிக் கிடந்த 17,372 யீர்க்குகளை விண்வெளியில் கொட்டிவிட ஆணையிடுகிறான். போர் முடிந்தபின் ஹேக் நகரில் விஸ்ஸர்மீது போர்க்குற்ற விசாரணை நடக்கிறது; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த எண்ணிக்கையைத்தான் ஜேக்கின் முன் வைக்கிறார். முதல் நூலில் அவன் வெறும் கூடைப்பந்து விளையாடும் பையன் என்பது நினைவிருப்பவருக்கு இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று உலாவி வரத் தோன்றும்.

கடைசி நூல் வெளியானபோது வாசகர்களில் பலர் கொதித்துப்போனார்கள். ரேச்சலின் சாவும், மற்றவர்கள் அவரவர் வழியில் சிதறிப்போவதும், புதிய எதிரியின் கப்பலை மோதும் நொடியில் கதை அறுந்து நிற்பதும் அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தன. அதற்கு ஆப்பிள்கேட் வெளிப்படையான கடிதம் ஒன்றில் பதில் சொன்னார்: இது போர்க்கதை, போர்கள் மகிழ்ச்சியோடு முடிவதில்லை, வென்றவர்களும் முழுதாகத் திரும்புவதில்லை என்பதே அதன் கருத்து. சாவையும் சிதறலையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அவை முதல் நூலிலிருந்தே சேர்ந்துவந்த கடனின் தீர்வு. மோதலோடு அறுந்து நிற்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் என்னால் அவ்வாறு ஒப்புக்கொள்ள முடியவில்லை. போருக்குப் பிந்தைய வாழ்வைப் பற்றி அதற்குமுன் வரும் இயல்கள் எடுத்த சிரமத்தை, அவசரமாக அறிமுகமாகும் ஓர் எதிரி கலைத்துவிடுகிறது.

வாங்க நினைப்பவருக்குச் சில குறிப்புகள். மொழி மிக எளிய ஆங்கிலம். ஆங்கில நாவல் படிக்கப் பழகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் தடையிருக்காது. வயதைப் பொறுத்தவரை, பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் பெற்றோரும் உடன் படிப்பது நல்லது. உடல் சிதைவு, சித்திரவதை, அடைபட்ட நிலை ஆகியவை மறைக்கப்படாமல் எழுதப்பட்டுள்ளன. 2020 முதல் கிறிஸ் கிரைன் வரைந்து வெளிவரும் சித்திரக்கதை வடிவம், முதல் நூல்களின் கதையை மாற்றாமல், அருவருப்பையும் குறைக்காமல் கொண்டுவந்திருப்பதால் தொடங்குவதற்கு ஏற்றது. ஆனால் கதைசொல்லியின் தலைக்குள் இருக்கும் உணர்வை அது பாதிதான் தருகிறது. 1998இல் வந்த நிக்கலோடியன் தொலைக்காட்சித் தொடரை விட்டுவிடலாம். ஹார்க்-பஜிரைச் சரியாகக் காட்டப் பணமில்லாத தயாரிப்பு அது. எல்லா நூல்களையும் சேர்க்க வேண்டும் என்ற ஆசை சேகரிப்பவருக்கு உரியது. மற்றவர்கள் முதல் எட்டையும், 13, 19, 20 முதல் 23 வரை, 26, 29, 33 ஆகியவற்றையும், பின்பு 45 முதல் இறுதிவரை விடாமலும் படித்தால் போதும். எல்ஃபாங்கோரின் இளமையைச் சொல்லும் ‘தி அன்டலைட் க்ரானிக்கிள்ஸ்’ நூலை 23க்கு முன்னும், ‘விஸ்ஸர்’ என்ற பெயரில் வந்த துணைநூலை 45க்கு முன்னும் வைத்துக்கொள்ளுங்கள். மார்கோவின் தாய் யாருடைய பிடியில், எத்தனை காலம் இருந்தாள் என்பதை அறியாமல் 45ஐத் திறந்தால் அதன் பாதிக் கனம் கைக்கு வராது.